பெயருக்குக் கீழே ஒரு வரி

மாப்ள,

ஃபிளெக்ஸ் அடிக்கும் கடையில் நிற்கிறேன். புது மையின் நெடி தலையை வலிக்க வைக்கிறது. உன் முதலாமாண்டு நினைவஞ்சலிக்குப் படம் கொடுத்தாயிற்று. "பேருக்குக் கீழ என்னண்ணே போடணும்?" என்று கேட்கிறார் கடைக்காரத் தம்பி. போன வருஷமும் இதே கேள்விதான்.

திருநகரில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடை உனக்கு. ஞாயிற்றுக்கிழமையானால் ஊர் ஊராகப் பள்ளிக்கூடங்களுக்குப் போய், யாரும் திறந்து பார்த்து மாற்றிக்கொள்ளக்கூடிய மென்பொருளைப் பதிந்து கொடுப்பாய். அதை இலவசம் என்று சொன்னால் மட்டும் உனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு தலைமையாசிரியர், "இலவசமா வந்ததுதான, கெட்டுப்போனா யாரு பாக்குறது?" என்றதும், வந்த பஸ்ஸை விட்டுவிட்டு அவரோடு மல்லுக்கட்டினாய். "காசப் பத்தின பேச்சே இல்ல சார். இது கட்டற்ற மென்பொருள்." அலங்காநல்லூரில் ஒரு பெரியவர், "கட்டத்ததுன்னா? அவுத்துவிட்ட காளையா தம்பி?" என்றபோது மட்டும் வயிறு குலுங்கச் சிரித்தாய்.

உன்னோடு இந்த வேலைக்கு வந்த நம் குழுவில் இருந்ததே ஏழெட்டுப் பேர். அந்த மென்பொருளை எந்தப் பெயரில் அழைப்பது என்பதில் அதற்குள் மூன்று கட்சி. நீ 'கட்டற்ற'. நான் 'சுதந்திர'. கம்பெனி வேலைக்குப் போனவர்கள் 'திறந்த மூலம்'. டீ ஆறிப்போகும், பேச்சு ஓயாது. உனக்கு அந்தச் சண்டை பிடித்திருந்தது.

பிறகு ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், எழவில்லை.

நம்ம ஊரில் உடலை எடுப்பதற்குள் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி நின்றாக வேண்டும். இதே கடைக்கு எல்லோரும் ஓடி வந்தோம். பெயருக்குக் கீழே எந்த வார்த்தை என்பதில் ஆரம்பித்தது அதே சண்டை. "சாகுற வரைக்கும் கட்டற்றன்னுதானடா சொன்னான்!" "வாரவுகளுக்குப் புரிய வேணாமா?" ஈரம் காயாத ஃபிளெக்ஸோடு நாங்கள் தெருவுக்குள் நுழைந்தபோது உன்னை எடுத்துவிட்டிருந்தார்கள். தரையெல்லாம் பூ. வாசலில் நின்ற உன் மனைவி கேட்டார்: "அவரு என்ன செஞ்சாருன்னு ஒரு வார்த்தையில சொல்ல முடியலையாண்ணே உங்களுக்கு?"

அதற்குப் பிறகு குழு கூடவே இல்லை. எனக்கு அவர்கள் மேல் ஆத்திரம் தீரவில்லை. உன் மேலும்தான். இந்தச் சண்டையை எங்களுக்குப் பழக்கிவிட்டவன் நீ.

நேற்று உன் மனைவி போன் செய்தார். "இந்த வருஷமாச்சும் நேரத்துக்கு வச்சிருங்கண்ணே." அந்தக் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

மூன்று கட்சியையும் தள்ளி வைத்துவிட்டேன். ஒவ்வொரு பள்ளியிலும் வேலை முடிந்ததும் எழுந்து நின்று நீ சொல்வாயே, அதைத்தான் தம்பியிடம் சொன்னேன். "எடுத்துக்கங்க. தொறந்து பாருங்க. மாத்துங்க. அடுத்தவுகளுக்கும் குடுங்க." அதை மறுத்து நம்மில் ஒருவன்கூட வாய் திறந்ததில்லை.

தம்பி அடித்து முடித்தார். உன் முகத்துக்குக் கீழே உன் பேச்சு. கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, "நல்லாருக்குண்ணே. ஆமா, எதை எடுத்துக்கச் சொன்னாரு?" என்றார்.

யாராவது கேள்வி கேட்டால் நீ செய்வதைப் போலவே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன், மாப்ள. அவசரம் ஒன்றுமில்லை. இந்தத் தடவை உன்னை யாரும் எடுத்துக்கொண்டு போய்விட மாட்டார்கள்.