கட்டை அடுக்கப் பழக்கிய அம்மாவுக்கு

இன்று காலை ஸ்டேப்ளர் தேடி மேசையின் அடி இழுப்பறையைத் திறந்தேன். உங்கள் மரக்கட்டைகள் கிடந்தன. ஒரு பக்கம் சிவப்பு, ஒரு பக்கம் வெள்ளை, இன்னொரு பக்கம் குறுக்கே பாதிப் பாதி. ஒன்றின் உயரம் இன்னொன்றோடு ஒத்துப்போகாது. ஜீப்புக்கு அடித்து மிஞ்சிய பெயிண்டு என்று சொன்னீர்கள், அந்த வாடை இன்னும் போகவில்லை. ஸ்டேப்ளரை விட்டுவிட்டு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன். உங்கள் பெயரை எழுத மாட்டேன். அது கோப்பில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும்.

அப்போது மாதம் ஒரு சனிக்கிழமை மதுரையிலிருந்து போடிக்கு வருவேன். கடைத்தெருப் பக்கம் ஒரு மாடியறை. படிப்பு ஏறாத பிள்ளை, ஓரிடத்தில் உட்காராத பிள்ளை, காரணம் சொல்லாமல் அழுகிற பிள்ளை என்று கூட்டிவருவார்கள். படம் காட்டுவேன், கேள்வி கேட்பேன், கட்டைகளை அடுக்கச் சொல்வேன், வாசிக்க வைப்பேன். பிள்ளைக்கு எது வருகிறது, எது வரவில்லை, ஏன் வரவில்லை என்று பார்த்து எழுதிக் கொடுப்பது என் தொழில். நான் டாக்டர் இல்லை, உளவியல் படித்தவள் என்று உங்களிடம் விளக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு "சரிங்க டாக்டரம்மா" என்றீர்கள். அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை.

உங்கள் மகள் அப்போது ஏழாம் வகுப்பு. வாயால் கேட்டால் பதில் சொல்கிறாள், எழுதச் சொன்னால் வெறும் தாளைக் கொடுக்கிறாள் என்று பள்ளியில் புகார். சோதித்து எழுதி வாங்கி வாருங்கள், இல்லையென்றால் டி.சி. வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நீங்கள் மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்தில் காயெடுக்கப் போகிறவர். விடியுமுன் ஜீப்பில் ஏறினால் இருட்டித்தான் இறங்குவீர்கள். அன்று வேலைக்குப் போகாமல், மகளுக்கு எண்ணெய் வழிய இரட்டைச் சடை பின்னி, பொட்டு வைத்துக் கூட்டிவந்திருந்தீர்கள். பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரியேதான் இருந்தாள்.

கட்டைகளை மேசையில் கொட்டி, படத்தைக் காட்டி, இதேபோல அடுக்கு என்றேன். நான் சொல்லி முடிப்பதற்குள் அவள் அடுக்கிவிட்டாள். அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்த படத்தில் திடீரென்று திணறினாள், அதற்கும் அடுத்ததில் மறுபடி மின்னல் வேகம். கெட்டிக்காரி என்று எனக்குத் தோன்றவில்லை. ஏதோ கோளாறு என்றுதான் தோன்றியது. இதற்கு முன்னால் இதைச் செய்திருக்கிறாயா என்று கேட்டேன்.

"எங்கம்மா செஞ்ச கட்ட இதவிடப் பெருசு" என்றாள், ரொம்பப் பெருமையாக.

உங்களை உள்ளே கூப்பிட்டேன். கேட்பதற்கு முன்பே ஒயர்க்கூடையிலிருந்து கட்டைகளை எடுத்து வரிசையாக வைத்தீர்கள். முன்பு பக்கத்து வீட்டுப் பிள்ளையை நான் சோதித்தபோது நீங்கள் துணைக்கு வந்து, வராந்தா சன்னல் பக்கம் நின்று பார்த்திருக்கிறீர்கள். தச்சுப்பட்டறையில் துண்டுக்கட்டை வாங்கி, டிரைவரிடம் பெயிண்டு கேட்டு, கண்ணில் நின்ற படங்களை வைத்துத் தினமும் வேலை முடிந்து வந்து மகளைப் பழக்கியிருக்கிறீர்கள். கண்ணில் நிற்காத படங்களில்தான் அவள் திணறியது. உள்ளதைச் சொன்னால், எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு பகுதி முழுக்கப் பாழ், அந்த மதிப்பெண்ணை நான் எதிலும் சேர்க்க முடியாது. அதைச் சொன்னேன்.

"பரிச்சைன்னா பிள்ளையப் படிக்கவச்சுத்தான அனுப்புவாக?" என்றீர்கள்.

இது பரீட்சை இல்லை, பாஸ் பெயில் கிடையாது என்று நான் சொன்னது உங்கள் காதில் ஏறவில்லை. குரலைத் தாழ்த்தி, மகள் முகத்தைப் பார்க்காமல் சொன்னீர்கள்: "மக்குன்னு எழுதிட்டீகன்னா எம்பிள்ள நாளைக்கே என்கூட ஜீப்புல ஏறிரும், டாக்டரம்மா. அதுக்குத்தான்."

கோபம் அத்தோடு போயிற்று. கட்டைகளை நான் வாங்கி வைத்துக்கொண்டேன், இன்னொரு பிள்ளைக்குப் பழக்கிவிடுவீர்களோ என்ற பயமும் இருந்தது. மீதிச் சோதனைகளை அடுத்த மாதமும் தொடர்ந்து முடித்தேன். முடிவில் குழப்பமே இல்லை. வயதுக்கேற்ற அறிவு, கேட்டுப் புரிந்துகொள்வதில் அதைவிடக் கூடுதல். எழுத்தை வாசிப்பதிலும் எழுதுவதிலும் மட்டும் குறைபாடு. பாடத்தை வாயால் சொல்லித்தர வேண்டும், தேர்வில் கூடுதல் நேரம் தர வேண்டும் என்று எழுதினேன். "மக்கு இல்லன்னு அதுல இருக்கா?" என்று கேட்டீர்கள். அந்தச் சொல்லே எங்கள் தாளில் கிடையாது என்றேன். உங்களுக்கு அது போதுமானதாக இல்லை.

மகளைக் கீழே கடைக்கு அனுப்பிவிட்டு நீங்கள் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தீர்கள்.

"எனக்கும் ஒருக்கா வச்சுப் பாருங்க" என்றீர்கள்.

என் அளவுகோல்கள் பிள்ளைகளுக்கானவை, பெரியவர்களுக்குச் செல்லாது என்று சொன்னேன். சும்மா பாருங்க, எழுதவா சொல்றேன் என்றீர்கள். மூன்றாம் வகுப்புப் பாடத்தில் ஒரு பத்தியைக் கொடுத்தேன். விரலை வைத்து வாசித்தீர்கள். கொம்பும் காலும் இடம் மாறின, வரி தாவியது, சொல்லின் தலையைப் பார்த்து வாலை ஊகித்தீர்கள். உங்கள் மகள் தடுக்கிய அதே மாதிரி இடங்களில் நீங்களும் தடுக்கினீர்கள். பிறகு நானே அந்தப் பத்தியை வாசித்துக் காட்டினேன். ஒன்றுவிடாமல் திருப்பிச் சொன்னீர்கள். வியர்த்துப்போயிருந்தீர்கள்.

மகளுக்கு இருப்பதுதான் உங்களுக்கும் இருக்கும்போலத் தெரிகிறது, மக்கு என்று யார் சொல்லியிருந்தாலும் அது தப்பு என்றேன். அஞ்சாம் வகுப்பில் கடைசி வரிசையில் தனியாக உட்காரவைத்தது, அந்தப் பெயர் தெருவுக்கும் பரவியது, கல்யாணம் பேசவந்த இடத்தில்கூட அதைச் சொன்னது எல்லாவற்றையும் யாருக்கோ நடந்த மாதிரிச் சொன்னீர்கள். "அப்ப அந்த வாத்தியாருதான் மக்கு" என்று சிரித்தீர்கள். பிறகு அழுதீர்கள். வெளியே அடுத்த பிள்ளை காத்திருந்தது. நான் கதவைத் திறக்கவில்லை.

பள்ளி முணுமுணுத்துக்கொண்டே மகளை வைத்துக்கொண்டது. கூடுதல் நேரம் வாங்கிப் பத்தாம் வகுப்பைத் தட்டுத்தடுமாறித் தேறினாள் என்று கேள்விப்பட்டேன். போன மாதம் மதுரைக்கு என்னைத் தேடி வந்தாள். இப்போது பன்னிரண்டாம் வகுப்பு, பொதுத்தேர்வுச் சலுகைக்குப் புதிதாக மதிப்பீடு வேண்டுமாம். அம்மா வரவில்லையா என்று கேட்டேன். நீங்கள் இறந்துபோனதை அப்போதுதான் சொன்னாள். வயிற்றில் கட்டி, ஆப்பரேஷன் செய்தும் பிழைக்கவில்லை. எனக்கு வருத்தமாக இருக்கிறது. என் தொழிலில் இதைச் சொல்ல வேறு சொற்கள் உண்டு, எதுவும் உதவவில்லை.

ஆப்பரேஷனுக்கு முன்னால் நடந்ததையும் அவள்தான் சொன்னாள். தோட்டத்து ஆள் என்று தெரிந்ததும், கையெழுத்து வருமா என்று கேட்காமலே, சம்மதத் தாளில் கைநாட்டு வைக்க நர்ஸ் மை டப்பாவை நீட்டியிருக்கிறார். நீங்கள் அதைத் தள்ளிவிட்டுப் பேனா கேட்டீர்களாம்.

"எனக்கு எழுத்து மெதுவாத்தேன் வரும். கொஞ்சம் கூடுதல் நேரம் குடுங்க."

தள்ளுவண்டி வந்து நின்றது, டாக்டர் எட்டிப் பார்த்தார், நீங்கள் நிமிரவே இல்லையாம். முழுப் பெயரையும் எழுதினீர்கள். "ஒரு புள்ளி விட்டுப்போயிருந்துச்சு, பாத்தேன், சொல்லல" என்றாள் உங்கள் மகள்.

கைக்கடிகாரத்தை வைத்துத்தான் நான் சோதிக்கிறேன், அது விதி, அதை மீற மாட்டேன். ஆனால் நேரம் முடிந்து குறித்துக்கொண்ட பிறகும் இப்போதெல்லாம் நான் பென்சிலைத் திருப்பிக் கேட்பதில்லை. பிள்ளை தானாகக் கீழே வைக்கட்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.