தாயம்மாவின் இரண்டு பிறந்த வீடுகள்

ஊரிகம்
1907 ஜூலை 20

அன்புத் தங்கை கிருஷ்ணம்மாவுக்கு அண்ணன் தாமோதரன் ஆசீர்வதித்து எழுதுவது.

இவ்விடம் எல்லோரும் சுகம் என்று எழுத இந்த முறை வழியில்லை. தந்தி கிடைத்திருக்கும். அம்மா செவ்வாய்க்கிழமை காலை போய்விட்டாள். ஒரு நாள்கூடப் படுக்கவில்லை. சுரங்கத்து முதல் ஷிப்டுக்காரர்களுக்குக் கூழ் ஊற்றிவிட்டு, "இன்னாடா இது, இன்னைக்கு உப்பு தூக்கலா கீது" என்று தன் கூழைத் தானே குறை சொல்லிக்கொண்டு உட்கார்ந்தவள்தான்.

சாவைப் பதிய வந்த குமாஸ்தா, பெயர் தாயம்மா என்று எழுதிக்கொண்டு, வயது என்ன என்று கேட்டார். நான் எழுபது என்றேன். பக்கத்து வீட்டு நேசமணி எண்பது என்றாள். போன மாதம் அம்மாவே ஐம்பத்தைந்து என்று சொன்னாளாம். குமாஸ்தா தனக்குத் தோன்றியதை எழுதிக்கொண்டு போனார். அம்மாவிடம் கரண்டியால் அடி வாங்கினானே ஒரு மேஸ்திரி, அவன்தான் எல்லோரையும்விட அதிகமாக அழுதான்.

பிறந்த வீட்டுக் கோடிச் சேலை வராமல் பிணத்தை எடுக்கக்கூடாதே, குடியாத்தத்துக்கு ஆள் அனுப்பிவிட்டுக் காத்திருந்தோம். மாமா மறுநாள் காலை சேலையோடு வந்தார். அதே நேரத்துக்குப் பூதிகோட்டையிலிருந்து உன் முனிரத்தினம் மாமாவும் இன்னொரு சேலையோடு வந்து நின்றார். சந்தையில் கேள்விப்பட்டாராம். "ஒரு பொம்பளைக்கு எத்தினி பொறந்த வூடு?" என்று கூட்டத்தில் ஒருவன் கேட்டான். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. இரண்டையும் வாங்கிப் போர்த்தினேன். பூதிகோட்டைச் சேலை மேலே வந்துவிட்டது. குடியாத்தத்து மாமா கோபித்துக்கொண்டு கை நனைக்காமல் போய்விட்டார்.

நீ இதையெல்லாம் மனதில் போட்டுக்கொள்ளாதே. வேளைக்குச் சாப்பிடு.

உன் அண்ணன்,
தாமோதரன்


ரங்கூன்
1907 ஆகஸ்டு 4

அன்புள்ள அண்ணாவுக்குக் கிருஷ்ணம்மா நமஸ்காரம்.

கடிதம் வந்தது. இவர் அரிசி மில்லுக்குப் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு பிளேக் வந்த வருஷம் ஞாபகம் வந்து அழுகையிலேயே சிரித்துவிட்டேன். நோயாளிகளைக் கொண்டுபோக வந்தார்களே, அம்மா நேசமணியின் பாயில் அவள் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டு, டாக்டர் கிட்டே வந்ததும் எழுந்து, "எனக்கு இன்னா நோவு, நீயே சொல்லு" என்று மல்லுக்கு நின்றாளே! நேசமணி அதற்குள் பின்பக்கமாகப் போய்விட்டாள். அவளுக்கு வந்தது வெறும் மலைக்காய்ச்சல் என்பதால் எல்லோரும் பிழைத்தோம்.

ஆனால் அண்ணா, எனக்கு ஒன்று விளங்கவில்லை. அம்மா பொங்கல்தோறும் என்னைப் பிறந்த வீடு என்று கூட்டிப்போனது பூதிகோட்டைக்குத்தான். குடியாத்தத்து மாமா ஒன்றுவிட்ட மாமா என்றுதான் எனக்குச் சொன்னாள். பிறகு நீங்கள் ஏன் குடியாத்தத்துக்கு மட்டும் ஆள் அனுப்பினீர்கள்? பூதிகோட்டை ஊரிகத்துக்கு எவ்வளவு பக்கம்! நீங்கள் ஒரு பொங்கலுக்காவது எங்களோடு அங்கே வந்ததுண்டா? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றுகிறது. மறைக்காமல் எழுதுங்கள்.

தங்கை,
கிருஷ்ணம்மா


ஊரிகம்
1907 ஆகஸ்டு 20

அன்புத் தங்கைக்கு ஆசீர்வாதம்.

கருமாதி நல்லபடியாக நடந்தது. இருநூறு பேருக்குமேல் சாப்பிட்டார்கள். அம்மா இருந்திருந்தால் சாம்பாரை வாயில் வைத்துப் பார்த்துவிட்டுச் சமையல்காரனை லைன் வீடுகளின் கடைசிவரைக்கும் துரத்தியிருப்பாள்.

நீ கேட்டதெல்லாம் பெரியவர்கள் விஷயம். பழங்கதையைக் கிளறி என்ன ஆகப்போகிறது? எனக்கு இப்போது சுரங்கத்தில் மரம் முட்டுக்கொடுக்கும் வேலை. கேஜ் கூண்டில் இறங்கினால் ஏறுகிறவரைக்கும் வேறு நினைப்பு கூடாது. குழந்தைகளுக்கு என் முத்தம்.

தாமோதரன்


ரங்கூன்
1907 செப்டம்பர் 6

அண்ணாவுக்கு,

நீங்கள் எழுதாததைப் பூதிகோட்டை மாமா எழுதிவிட்டார். எனக்குத் தெரியும் என்று நினைத்து எழுதியிருக்கிறார், பாவம். அவர் வரியை அப்படியே தருகிறேன்: "உன்னைப் பெற்ற ரத்தினம்மாவுக்குப் போட முடியாமல் போன கோடியை, வளர்த்த மகராசிக்குப் போட்டோம், எங்கள் மனம் ஆறிற்று."

ரத்தினம்மா யார்? நான் யார்? நான் இத்தனை நாள் அழுதது யாருக்காக? காலையில் அம்மா மேல் கோபம் வருகிறது, சாயங்காலம் உங்கள் மேல், இரண்டுக்கும் நடுவில் அம்மாவைத்தான் கூப்பிட்டு அழுகிறேன். முப்பது வயதில் ஒருத்திக்கு இந்தக் கதி வரலாமா? நீங்கள் எனக்கு அண்ணன்தானா, அதையாவது சொல்லுங்கள்.

கிருஷ்ணம்மா


ஊரிகம்
1907 செப்டம்பர் 24

கிருஷ்ணம்மாவுக்கு,

சொல்லிவிடுகிறேன். தாது வருஷப் பஞ்சத்தில் எனக்குப் பதினொரு வயது. அப்பா போய்விட்டார். எனக்கு ஒரு தம்பி பிறந்து அவனும் போய் நாலாம் நாள். வேலூர் சாலைக் கஞ்சித்தொட்டியில் வரிசையில் நின்றோம். எங்களுக்கு முன்னால் நின்ற பெண் அப்படியே சரிந்து விழுந்தாள். அவள்தான் ரத்தினம்மா. மடியில் நீ, மூன்று மாதக் குழந்தை. "பூதிகோட்ட, என் அண்ணன் முனிரத்தினம்" என்று சொன்னதோடு அவள் உயிர் போய்விட்டது. அம்மாவுக்குப் பால் வற்றவில்லை. வரிசையை விட்டு வெளியே வந்து, புளியமரத்தடியில் உட்கார்ந்து உனக்குக் கொடுத்தாள். அன்றைக்குக் கஞ்சி எங்களுக்குக் கிடைக்கவில்லை. நான் உன்னைத் திட்டினேன்.

மறு வருஷம் மழை பெய்த பிறகு உன்னைத் தூக்கிக்கொண்டு நடந்தே பூதிகோட்டைக்குப் போனாள். நானும் கூடப் போனேன். முனிரத்தினம் வீட்டார் உன்னை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார்கள். அம்மா உன்னை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. "புள்ளய காட்ட வந்தேன், குடுக்க வரல" என்றாள். பெரிய சண்டை. கடைசியில் முனிரத்தினத்தின் அப்பா, "அப்படியானா நீயே எங்க பொண்ணா இரும்மா. வருஷா வருஷம் பொங்கலுக்குப் பொறந்த வூட்டுக்கு வா, பேத்திய கண்ணால பாத்துக்கினு கெடக்குறோம்" என்று சொல்லிச் சேலை கொடுத்தார்.

அதற்குப் பிறகு நான் அந்த ஊருக்குப் போகவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் உன்னை அங்கேயே வைத்துக்கொள்வார்களோ என்று பயம். நீ திரும்பி வருகிறவரைக்கும் எனக்குச் சோறு இறங்காது. அந்தப் பழைய பயம் இன்னும் விடாததால்தான் சாவுக்குச் சொல்லி அனுப்பவில்லை. அது தப்பு, பெரிய தப்பு. அவர் சேலையோடு வந்து நின்றபோது வெட்கத்தில் அவர் சேலையைக் குடியாத்தத்துச் சேலைக்கு மேலே போர்த்திவிட்டேன். செய்தது சரியா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அண்ணன்தானா என்று கேட்டிருக்கிறாய். பதில் என்னிடம் இல்லை. உன்னிடம்தான் இருக்கிறது.

தாமோதரன்


ரங்கூன்
1907 அக்டோபர் 10

தாமோதரன் அவர்களுக்கு,

என்ன என்று விளித்து எழுதுவதென்றே தெரியவில்லை. இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

கார்த்திகை முதல் வாரம் கப்பல் ஏறுகிறேன். குழந்தைகளும் வருகிறார்கள். இவருக்கு லீவு இல்லை. மதராசிலிருந்து ரயிலில் பௌரிங்பேட்டை வந்து இறங்குவேன். அங்கிருந்து ஊரிகத்துக்கும் ரயில் இருக்கிறது, பூதிகோட்டைக்கு மாமா வண்டி அனுப்புவதாக எழுதியிருக்கிறார். எதில் ஏறுவேனோ எனக்கே தெரியாது. பெற்றவளின் வீட்டைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. அம்மாவைப் புதைத்த இடத்தில் போய் விழ வேண்டும் போலவும் இருக்கிறது. நீங்கள் ஸ்டேஷனுக்கு வாருங்கள் என்று நான் கூப்பிடப் போவதில்லை. வருவதும் வராததும் உங்கள் இஷ்டம்.

கிருஷ்ணம்மா


ஊரிகம்
1907 அக்டோபர் 24

என் தங்கை கிருஷ்ணம்மாவுக்கு,

பௌரிங்பேட்டைக்கு நான் வரப்போவதில்லை.

குழந்தைகளோடு வருகிறவளைப் பாதி வழியில் போய் அழைக்கிறவன் அண்ணனா? மதராஸ் துறைமுகத்துக்கே வருகிறேன். பத்து நாள் லீவு கேட்டேன், கரண்டியடி வாங்கிய அதே மேஸ்திரி நாலு நாள் என்றான். நான் அவனைப் பார்த்த பார்வையில் பத்தும் கொடுத்துவிட்டான். அம்மாவின் முகம் என்னிடம் கொஞ்சம் இருக்கிறது போலிருக்கிறது.

நான் கடலைப் பார்த்ததில்லை. கப்பல் எந்தப் பக்கமாக வரும், ஆட்கள் எங்கே இறங்குவார்கள், ஒன்றும் தெரியாது. இரண்டு நாள் முன்னாலேயே போய் நின்றுவிடுவேன். அங்கிருந்து நீ எங்கே போக வேண்டும் என்றாலும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு கூட வருகிறேன், பூதிகோட்டைக்கும்கூட. எந்த வீட்டுக்கு முதலில் போவது என்று எனக்கும் புரியவில்லை. ரயிலில் உட்கார்ந்து இரண்டு பேருமாகவே குழம்பிக்கொள்ளலாம்.

அண்ணன்