துளை இல்லாத பக்கம்

சான்ட்ரிங்ஹாம், ஒக்லாந்து
புரட்டாதி, 1996

அன்பு மகள் நிலானிக்கு,

நானும் அம்மாவும் உடல்நலத்தோடும், அதைவிட மேலாக நிமிர்ந்த நெஞ்சோடும் இருக்கிறோம். பேர்மிங்ஹாமில் குளிர் தொடங்கியிருக்கும். நீயும் அவ்வாறே நலமும் நிமிர்வும் குன்றாமல் இருக்க முருகன் துணை நிற்பானாக.

நேற்றுத் தொலைபேசியில் அம்மாவிடம், அப்பாவின் மானத்துக்காக இந்த மாத முடிவில் வேலையை விட்டு விலகுகிறேன் என்றாயாம். மகளே, என் மானம் அவ்வளவு மெலிந்த பொருள் அன்று. நடந்ததை என் வாய்மொழியாகவே கேள், பிறகு முடிவு செய்.

சுடப்பட்ட சன்னத்தின் உடம்பில் துப்பாக்கிக் குழல் தன் கீறல்களைப் பதித்தே அனுப்புகிறது, அவை கெடாமல் சன்னத்தைப் பிடித்தால் எந்தத் துப்பாக்கி சுட்டது என்று சொல்லிவிடலாம், அப்படிப் பிடிப்பதே தடயவியல் ஆய்வுகூடத்தில் எனக்கு முதற்பாடம் என்று ஆவணியில் எழுதியிருந்தாய். கண்ணால் காணாத ஒன்றைப் பற்றி நான் மேடையில் பேசியதில்லை. என் மகளின் தொழிலைப் பற்றி மட்டும் கேள்விப்பட்டதை வைத்துப் பெருமை பேசுவேனா? பக்கத்து வீட்டு ரெக்ஸ் கைத்துப்பாக்கிக் கழகத்து உறுப்பினர், ஞாயிறுதோறும் கழகத்தின் சுடுகளத்துக்குப் போகிறவர். அவரும் நானுமாக நம் கராஜில் நீண்ட மரப்பெட்டி ஒன்று அடித்து, பின்புறம் தடித்த இரும்புத் தகடு பொருத்தி, உள்ளே மணலை நிரப்பினோம். களத்தில் ரெக்ஸ் சுட்டார். கிடைத்த சன்னம், அடித்து மிரட்டப்பட்ட சாட்சியைப் போல முகம் தேய்ந்து வந்தது, ஒரு கீறலும் மிஞ்சவில்லை. ஊறிய தாளை இறுக்கி அடுக்க வேண்டும் என்று நீ எழுதியது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. ரெக்ஸ் கொண்டுவந்த நாளேடுகள் பாதிப் பெட்டிக்கும் போதவில்லை. கராஜில் கூரை முட்ட அடுக்கிக் கிடந்தவையோ, தமிழ்ச் சங்கம் அச்சிட்டு எவரும் வாங்காத என் சொற்பொழிவு நூல்கள். குளியல் தொட்டியில் ஊறப்போட்டேன். அம்மா, இனி நான் தமிழிலேயோ குளிக்கிறது என்று கேட்டாள். அடுத்த ஞாயிறு சன்னம் என் நூல்களின் நடுவே பழுதின்றிக் கிடந்தது. ரெக்சின் பூதக்கண்ணாடியில் அதன் கீறல்கள் வரி வரியாகத் தெரிந்தன. உன் தொழிலின் அருமை எனக்கு அந்தக் கணத்தில் விளங்கியது.

சன்னம் எந்தப் பக்கம் வரை ஊடுருவியது என்று பார்ப்பதற்காக ஊறிய தாள்களை உடுப்புக் கொடியில் காயப்போட்டிருந்தேன். அன்று பார்த்துச் சங்கத் தலைவர் சுந்தரம், தம் மகன் பிரதாபனுக்கு உன்னைக் கேட்டு, மனைவி ரதிதேவியோடு வந்து சேர்ந்தார். புல்லில் விழுந்து கிடந்த தாள் ஒன்றை, எழுத்தில் கால் படலாகாது என்னும் நம் வழக்கப்படி எடுத்துக் கண்ணில் ஒற்றினார். கண் இருந்த இடத்தில் துளை இருந்தது. துளை வழியே என்னைப் பார்த்தார். நானும் வணக்கம் சொன்னேன். என்ன மாஸ்டர், சரசுவதியையே சுட்டுப்போட்டியளோ என்று அவர் அலறிய அலறலுக்கு ரெக்ஸ் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். உன் தொழில் இன்னதென்று நான் விளக்கியதும் ரதிதேவி, பொம்பிளைப்பிள்ளை சன்னம் பொறுக்கின கையாலை எங்கடை வீட்டிலை விளக்கேத்துறதோ என்றார். பிறகு சுந்தரம் தீர்ப்புச் சொன்னார்: வாணி விழா மேடையில் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும், திருமணத்துக்கு முன் நீ அந்த வேலையை விட வேண்டும், இல்லையேல் சம்பந்தமும் இல்லை, இனி எனக்குச் சங்க மேடையும் இல்லை.

தாளை மிதித்தவன் நான் அல்லேன், அதைப் பூஞ்சணம் பிடிக்க விட்டது உங்கள் சங்கம் என்றேன். தன் நெஞ்சைக் கொடுத்து உண்மையைப் பிடித்துத் தரும் தாளை விடச் சரசுவதிக்கு உவப்பான தாள் எது என்று கேட்டேன். இன்னும் பேசியிருப்பேன். தேநீர்த் தட்டோடு நின்ற அம்மா முந்திக்கொண்டாள். அண்ணை, என்ரை தம்பி தவராசாவைச் சந்தியிலை சுட்டாங்கள், துவக்கு வைச்சிருந்த எல்லாரும் நாங்கள் இல்லை எண்டாங்கள், அவன்ரை நெஞ்சிலை இருந்ததை எடுத்துப் பாக்க ஒருத்தரும் இல்லை, அதோடையே எரிச்சம். இப்ப எடுத்துப் பாக்க ஒரு பிள்ளை வந்திருக்கிறாள், அவளை விடச் சொல்லாதேங்கோ, தேத்தண்ணி ஆறுது குடிச்சிட்டுப் போங்கோ என்றாள். அவர்கள் குடிக்காமலே போனார்கள். அம்மா இரண்டு கோப்பையையும் எனக்கே தந்தாள்.

ஆகவே, என் பொருட்டு நீ விலகாதே. விலகினால், உன் மாமாவுக்கு அன்று கிட்டாத சாட்சியை இன்னொருவனுக்கும் கிட்டாமற் செய்தவளாவாய். பிரதாபன் என்ன நினைக்கிறான் என்று இதுவரை எவரும் கேட்கவில்லை. நீயே அவனோடு கதைத்துப் பார். அவன் ஓம் என்றால் ஓம். தகப்பன் வாயையே பார்ப்பானாகில் அவன் உனக்கு ஏற்றவன் அல்லன். வாணி விழாவில் என்னை மேடையேற்றாவிட்டால் மண்டப வாசலில் நின்று பேசுவேன்; என் குரலுக்கு ஒலிபெருக்கி என்றும் தேவைப்பட்டதில்லை.

கம்பளிக் கையுறை போட மறவாதே, இரவுச் சாப்பாட்டைத் தவிர்க்காதே. அறமும் அறிவும் உன் இரு கைகளாக, நீடூழி வாழ்க. விலகல் கடிதம் எழுதியிருந்தால் கிழித்துவிட்டு அம்மாவுக்குத் தொலைபேசி எடு.

இத்துடன் ஒரு தாள் வருகிறது. தவராசா மாமா இறந்த ஆண்டில், துவக்குகளைக் கீழே வையுங்கள் என்று யாழ்ப்பாணத்தில் நான் முழங்கிய பேச்சின் ஒரு பக்கம் அது. ஊரில் அந்தப் பேச்சு ஒரு சன்னத்தையும் நிறுத்தவில்லை. இங்கே நிறுத்தியிருக்கிறது. தடவிப் பார், நடுவில் ஒரு குழி இருக்கும், துளை இராது.

என்றும் தலை குனியாத
உன் அப்பா
இராசநாயகம்