நீ எழுதாத மன்னிப்புக் கடிதம்

கர்த்தருக்குள் அன்பான என் மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்கத் தினமும் ஜெபிக்கிறேன். மனசைப் பற்றிக் கேட்காதே, அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அப்பாவுக்கு இடது கண்ணில் புரை எடுத்தாயிற்று, இப்போது மூலையில் இருக்கிற ஒட்டடையெல்லாம் தெரிகிறதாம், என்னைக் குறை சொல்ல இன்னொரு வழி கிடைத்துவிட்டது. உன் இருமல் நின்றதா? வேலைக்குப் போகும்போது கழுத்தை மூடிக்கொண்டு போ.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சபைக் கூடத்து ஜன்னல்களில் கறுப்புத் துணி மாட்டி ஒரு படம் போட்டார்கள். நம் மாதிரிச் சபைகளுக்கு வழி திறந்துவிட்ட அந்தச் சீர்திருத்தத் துறவியின் கதை, ஐந்நூறு வருஷத்துக்கு முந்தின சங்கதி. பெரிய பெரிய அங்கிக்காரர்கள் சுற்றி உட்கார்ந்துகொண்டு, அவர் எழுதின புத்தகங்களை மேசையில் குவித்து, எழுதினது தப்பு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போ என்கிறார்கள். மனுஷன் மாட்டேன் என்கிறார். கூடமே கைதட்டியது. எல்லாரையும்விட ஓங்கித் தட்டினது யார் தெரியுமா, நம் மூப்பர்! கைக்குட்டையால் கண்ணை வேறு ஒற்றிக்கொண்டார். ஞாயிறு பள்ளியில் ஒரு பிஞ்சுக் கையைப் பிரம்பால் அடித்து வீங்க வைத்தவர். அதை நீ சபை நடுவில் எழுந்து சொன்னதற்குத்தான் மன்னிப்புக் கேள் என்று உன்னைப் பிடித்துக்கொண்டார்கள், நீ கேட்கவில்லை என்றதும் சபைப் பதிவேட்டிலிருந்து உன் பெயரையே வெட்டினார்கள். ஊருக்குத்தான் உபதேசம்.

விளக்கைப் போட்டதும் மூப்பர் நேரே என்னிடம் வந்தார். உங்க பொண்ணும் இந்த ஆளு மாதிரிதான் வீம்பா நின்னா, ஆனா கடைசில புத்தி வந்து பணிஞ்சு எழுதினா பாருங்க, அதாங்க நல்ல வளர்ப்பு என்றார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

நான் எதுவும் எழுதவில்லையே என்று நீ திகைப்பாய். எழுதினது நான். ஆறு மாதத்துக்கு முன்னால், உன் பெயரில், உன் கையெழுத்தைப் போட்டு. உனக்கு எழுத்துப் பழக்கினவளே நான்தானே, உன் எழுத்து எனக்கு வராதா. ஒரு வரி மன்னிப்பு எழுதிப் போடேன் என்று கடிதத்துக்குக் கடிதம் உன்னைக் குடைந்தவள், திடீரென்று ஏன் நிறுத்தினேன் என்று நீ யோசித்திருப்பாய். உன் பெயரை வெட்டினதிலிருந்து சபையில் என் பக்கத்தில் ஒருத்தியும் உட்காரவில்லை, பாடகர் குழுவில் என் பாட்டுப் புத்தகத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். இரண்டு வருஷம் தாங்கினேன், அப்புறம் முடியவில்லை. கடிதத்தை ஆராதனையில் வாசித்ததும் எல்லாரும் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டார்கள், நானும் வெட்கங்கெட்டுப் போய்ச் சிரித்துக்கொண்டு நின்றேன். சபையே சேர்ந்து மிரட்டியும் உன்னிடம் வாங்க முடியாத வார்த்தையை, பெற்றவள் நான் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

படம் பார்த்த அன்றைக்கு நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன். செவ்வாய்க்கிழமை போதகர் அறைக்குப் போய், மூப்பரும் இருக்கும்போதே, அந்தக் கடிதம் என் வேலை என்று சொல்லிவிட்டேன். என் பெயரையும் வெட்டட்டும் என்றுதான் போனேன். திட்டியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். மூப்பர் சிரித்தார். யார் எழுதினா என்னம்மா, பதிவேட்டுல ஏறிடுச்சு, போய் வேலையப் பாருங்க என்றார். போதகர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். உன் அப்பாவோ, கிளறாத, விடு என்கிறார். எப்படி விடுவது? அந்தப் பிரம்பு இன்னும் வகுப்பில்தான் இருக்கிறது. நீ சொன்னது பொய் என்று ஆகிவிட்டதால் இனி எந்தப் பிள்ளையின் தாயும் வாய் திறக்க மாட்டாள்.

அதனால் நீ எழுது. அந்தக் கடிதம் உன்னுடையது இல்லை, நீ மன்னிப்புக் கேட்கவும் இல்லை, பிள்ளையை அடித்தது அடித்ததுதான் என்று உன் கையால் எழுது. அம்மா கள்ளக் கையெழுத்துப் போட்டாள் என்பதையும் மறைக்காதே, எனக்காகப் பார்க்காதே.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. இருமல் மருந்தைப் பாதியில் நிறுத்தாதே. கடிதத்தைச் சபை முகவரிக்கு அனுப்பாதே, அவர்கள் வாசிக்க மாட்டார்கள், எனக்கே அனுப்பு. ஆராதனை நடுவில் நானே எழுந்து வாசிக்கிறேன். அதற்கப்புறமும் என்னை மன்னிக்கத் தோன்றாவிட்டால், மன்னிக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா