மாடம்பாக்கத்துக் கேரூபீன்

ஷ்யாம்,

இல்லை, நான் சொல்லிக்கொடுக்கவில்லை. மாடம்பாக்கம் கோயில் தூணில் சரபேஸ்வரரைப் பார்த்ததும் ஸ்நேகாவேதான் கத்தினாள்: "அம்மா, கேரூபீன்!" சண்டே ஸ்கூல் படத்தில் இருக்கும் அந்தத் தேவதூதனுக்கும் அதே சிங்க முகம், அதே சிறகுகள். ஐந்து வயதில் அது தப்பா?

விளக்கேற்ற நின்றவர்கள் சிரித்தார்கள். உன் அம்மா சிரிக்கவில்லை. "குழந்தைய ரெண்டுங்கெட்டானா வளக்கறா" என்றார். நீ தலையாட்டினாய். அன்று அவரைச் செம்பாக்கம் வீட்டில் விடப் போனவன், பதினேழு நாளாகத் திரும்பவில்லை.

அந்தச் சொல்தான் எனக்கு ஆறவில்லை. பாதி பறவை, பாதி சிங்கம், கொஞ்சம் மனிதன். சரபரை யாராவது ரெண்டுங்கெட்டான் என்கிறார்களா? நரசிம்மரின் கோபத்தைத் தணிக்கச் சிவனுக்கு வேறெந்த உருவமும் போதவில்லை என்று உன் அம்மாதானே கதை சொன்னார்? எங்கள் வேதாகமத்தில் ஏதேன் தோட்டத்தின் வழியைக் காக்கக் கடவுள் நிறுத்தியதும் கேரூபீன்களைத்தான். ஓர் உடம்பு போதாத வேலைக்கே பழைய மனிதர்கள் இரண்டைச் சேர்த்தார்கள். இதைச் சொன்னால் நீ "ஆரம்பிச்சிட்டியா?" என்பாய்.

ஸ்நேகாவின் பள்ளி விண்ணப்பத்தில், மதம் என்ற இடத்தில், போவதற்கு முன்பே, என்னைக் கேட்காமலே பென்சிலால் 'இந்து' என்று எழுதியிருக்கிறாய். என் அம்மாவோ ஃபோனில், "கிறிஸ்டியன்னு போட்டுடு, பேசாம" என்கிறார். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

நீ எழுதியதை ரப்பரால் அழித்தேன். அங்கே வேறெதுவும் எழுதவில்லை. என் கையெழுத்தைப் போட்டு, உன்னுடையதற்கு இடம் விட்டு, விண்ணப்பத்தை இந்தக் கடிதத்துடன் மடித்து வைத்திருக்கிறேன்.

அவளுடைய அம்மா