எண்ணுக்குப் பக்கத்தில் பி.பி.

அக்கா, அலமாரியை ஒழிக்கும்போது உங்கள் மகளின் திருமண அழைப்பிதழ் கிடைத்தது. இன்னும் அந்துருண்டை வாசனை. உங்கள் இருவர் பெயருக்கும் கீழே எங்கள் வீட்டுத் தொலைபேசி எண், பக்கத்தில் பி.பி. என் மகள் எட்டிப் பார்த்து, "பி.பி.ன்னா பிளட் பிரஷராம்மா?" என்றாள்.

நீங்களும் ஒருநாள் கேட்டீர்கள். பர்ட்டிகுலர் பர்சன் என்றேன். ஆபரேட்டர் வழியாக வெளியூருக்கு டிரங்க் கால் போட்ட காலத்தில், இன்னாரோடுதான் பேசவேண்டும் என்று பதிவு செய்தால், அந்த ஆள் வந்த பிறகுதான் பேச்சுக்குக் கட்டணம். அதுவரை ஆபரேட்டர் தேடுவார். அந்தப் பெயர்தான் பிறகு பக்கத்து வீட்டு போனுக்கு ஒட்டிக்கொண்டது என்கிறார்கள். எனக்கு முழு நிச்சயம் இல்லை.

"அப்ப ஆபரேட்டர் வேலைய நீங்க பாக்கறீங்க டீச்சரம்மா. சம்பளம்தான் கெடையாது" என்று சிரித்தீர்கள்.

வேங்கிக்காலில் எங்கள் வீட்டு வரிசையில் அப்போது ஒரே போன். உங்கள் வீட்டுக்கார அண்ணன் இதய அறுவைக்காக வேலூர் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தார். மாற்றுத்துணி எடுக்க நீங்கள் வந்திருந்த காலையில், ஏதோ ஒரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டார்.

"டீச்சரம்மா, அவள கொஞ்சம் கூப்டுங்க. மீட்டர் ஓடுது. வெச்சுட்டு அஞ்சு நிமிஷம் கழிச்சு போடறேன்."

எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். மதிலோரம் நின்று குரல் கொடுத்தேன். ஈரக் கையோடு ஓடி வந்தீர்கள்.

"இன்னாவாம்?"

"சொல்லலக்கா. திரும்பப் போடறாராம்."

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தீர்கள். அரை மணி நேரம் ஆயிற்று. லைன் இருக்கிறதா என்று பார்க்க ரிசீவரைத் தொட்டேன்.

"எடுக்காதீங்க. அந்நேரம் பாத்து வந்துரப் போவுது."

திரும்பக் கூப்பிட எங்களிடம் எண் இல்லை. அந்தக் கறுப்புப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர இருவராலும் எதுவும் செய்ய முடியவில்லை. கடைசியில் பஸ் ஏறினீர்கள். பூத் வாசலிலேயே சரிந்துவிட்டாராம். நீங்கள் போனபோது நினைவில்லை. நினைவு திரும்பாமலே போய்விட்டார்.

அதற்குப்பின் எத்தனையோ முறை கேட்டீர்கள்.

"கொரலு எப்டி இருந்திச்சு?"

"எப்பவும் போலத்தான்க்கா."

"மூச்சு வாங்கிச்சா?"

"இல்ல."

"இன்னா சொல்ல வந்திருப்பாரு?"

ஆறுதலுக்காக ஒன்றை இட்டுக்கட்ட எனக்கு வரவில்லை. நீங்களும் வற்புறுத்தாமல் எழுந்து போவீர்கள்.

போன மாதம் நீங்களும் போய்விட்டீர்கள். இப்போது யாரும் கேட்பதில்லை. உங்களுக்கு வரவேண்டிய அந்தக் குரல் மட்டும் இன்னும் என் காதில் இருக்கிறது. கொண்டுபோய்ச் சேர்க்க ஆளில்லை.