கயிற்றுப் பாலத்தில் நானும் ஏறினேன்

16ஆம் தேதி, திங்கள்

என் அன்புக்குரிய இல்லாளுக்கு,

இறையருளால் சுகமாக இருக்கிறேன். உன் மூட்டுவலி தணிந்ததா? 3ஆம் தேதியிட்ட உன் கடிதம் 11ஆம் தேதி, புதனன்று கிடைத்தது.

பதின்வயதுப் பையன்களுக்குத் தன்னம்பிக்கை வளர்க்கும் இந்த முகாமில் ஒரு விதி உண்டு. கயிற்றுப் பாலத்தை ஒருவன் கடந்தால், பார்த்தவர்களில் ஒருவன் அவனைப் பற்றி ஒரு நல்ல சொல் சொல்ல வேண்டும். கயிறும் ஹெல்மெட்டும் எடுத்துக் கொடுக்கும் ஸ்டோர் கீப்பராகிய நான், தினமும் அதைக் கேட்டு உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தேன். மீசை முளைக்காத பயல்களுக்கு இத்தனை பாராட்டு. நாற்பதாண்டு உத்தியோகத்தில் எனக்கு யார் சொன்னார்கள்?

ஆகவே 14ஆம் தேதி, சனியன்று, நானும் ஏறினேன். பதறாதே, இடுப்பில் கயிறு கட்டியிருந்தார்கள். நடுவில் கீழே பார்த்து நின்றுவிட்டேன்.

"தாத்தா, கீழ பாக்காதீங்க! பாட்டி கூப்பிடுறாங்கன்னு நெனச்சுக்கிட்டு வாங்க!" என்று கத்தினான் ஒருவன்.

"பாட்டி கூப்பிட்டா இன்னும் பயந்துருவாருடா!" என்றான் மற்றொருவன்.

வந்த கோபத்தில் கடந்துவிட்டேன். அக்கரையில், அதிகம் வாய் திறவாத ஒரு பையன் சொன்னான்: "தாத்தா ரொம்பப் பயந்தாரு. ஆனா திரும்பிப் போகல."

அறையில் பேச்சுத் துணையின்றி, அதையே அசைபோடுகிறேன். ஆயினும் அன்று மாலை ஒரு பொடியனுக்கு மட்டும் இரண்டு பேர் பாராட்டுச் சொன்னது முறையன்று.

பாலத்தில் பட்ட முழங்கால் சிராய்ப்புக்குத் தைலம் ஒரு புட்டி அனுப்பு. தபால் வண்டி வந்துவிட்டது. மகனிடம் சொல்லாதே, திட்டுவான். அவனாகக் கேட்டால், பாலத்தின் உயரம் இருபத்திரண்டு அடி என்பதை விட்டுவிடாமல் சொல்.

உன் கணவன்